பிள்ளையார் தெருவில் வரலாம், அபாயா பள்ளிக்குள் வரக்கூடாது

பிரெஞ்சுச் சட்டம் ஏதாவது ஒன்று செய்தியில் அடிபட்டால் போதும், அந்த வார இறுதியில் ஊரில் இருந்து தொலைபேசி வந்துவிடும். "அங்கே இனிமேல் திருநீறு பூசக்கூடாதாமே பிள்ளை?" என்று சித்தி கவலைப்படுவார். கனடாவில் இருக்கும் மச்சான் இன்னும் ஒரு படி மேலே போய், "உங்கட நாட்டில கடவுளையே தடை செய்துபோட்டாங்களாம்" என்று சிரிப்பார். இதற்கெல்லாம் நான் வழக்கமாகச் சொல்லிவந்த பதில் லாச்சப்பல் தேர். பாரிஸின் 18ஆம் வட்டாரத்தில், ரூ பஜோல் தெருவில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயத்தில் இருந்து கோடை முடியும் நேரத்தில் பிள்ளையார் தேரேறி வருவார். வீதியெங்கும் தேங்காய் குவித்து உடைப்பார்கள், காவடி ஆடும், கற்பூரச் சட்டியோடு அம்மாக்கள் வரிசையாகப் போவார்கள், வெள்ளைக்காரர்கள் பால்கனியில் நின்று படம் பிடிப்பார்கள். போலீஸ் வாகனங்களை மறித்து வழிவிடும். கடவுளைத் தடை செய்த நாட்டில் இப்படி நடக்குமா என்று கேட்பேன். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்தப் பதிலை என் மகளின் தோழியுடைய அம்மா ஒருநாள் அப்படியே தலைகீழாகத் திருப்பிப்போட்டார். மொரோக்கோவில் பிறந்தவர், எங்கள் புறநகரில் என்னைவிட அதிக காலம் இருப்பவர். 2023 செப்டம்பர், முஸ்லிம் பெண்கள் உடல் முழுக்க அணியும் அபாயா என்ற நீள உடைக்கு அரசுப் பள்ளிகளில் தடை வந்த புதிது. தேரைப் பற்றி ஏதோ பேச்சு வந்தபோது அவர் சொன்னார்: "உங்கள் கடவுள் தெருவில் வந்தால் போலீஸ் கார்களை நிறுத்துகிறது. என் மகள் நீளமாக ஒரு உடை போட்டுவந்தால் அவளை நிறுத்துகிறார்கள். உங்களுடையது கலாச்சாரம், எங்களுடையது மதம், அப்படித்தானே?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கையில் இருந்த கத்தரிக்காய்ப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பள்ளி வேறு, தெரு வேறு என்று ஏதோ சொன்னேன். சட்டப்படி அது சரியான பதிலும்கூட. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் அடங்கவே இல்லை. அதற்குப் பிறகு கிடைத்த நேரத்தில் எல்லாம் இந்தச் சட்டங்களைப் படிக்கத் தொடங்கினேன். நான் வக்கீல் இல்லை. படித்ததையும் எனக்குப் பட்டதையும் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

தெரு யாருடையது

எல்லாவற்றுக்கும் வேர் 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம். முதல் பிரிவு, குடியரசு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது, பொது ஒழுங்கு கருதிய கட்டுப்பாடுகளைத் தவிர வழிபாட்டுக்குத் தடை கிடையாது என்கிறது. இரண்டாம் பிரிவு, குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ கொடுக்காது என்கிறது. வரிசையைக் கவனியுங்கள்: சுதந்திரம் முதலில், விலகி நிற்பது இரண்டாவது. பலர் இரண்டாவதை மட்டும்தான் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு பிரிவுகளும் கட்டிப்போடுவது அரசை. பாதிரியாருக்குச் சம்பளம் கொடுக்காதே, கட்சி சேராதே என்று அரசுக்குச் சொல்கின்றன. வீதியில் போகிறவனுக்கு எதையும் சொல்லவில்லை.

அதனால்தான் தெருவில் தேர் ஓடுகிறது. 1905க்குப் பிறகு சில மேயர்கள் பாதிரியார்களைத் தெருவில் இருந்தே துரத்தப் பார்த்தார்கள். சான்ஸ் நகரின் மேயர், சவ ஊர்வலத்தில் பாதிரியார் பூசை உடையோடு நடந்துவரக்கூடாது என்று தடை போட்டார். நிர்வாக வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றமான கொன்செய் தெத்தா 1909இல் அந்தத் தடையை ரத்து செய்தது. உள்ளூர்ப் பழக்கத்தை மதி, ஒழுங்குக்கு உண்மையிலேயே ஆபத்து இருந்தால் மட்டும் தலையிடு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 1935இல் வந்த ஆணைச்சட்டம் ஊர்வலங்களை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கிறது, ஆனால் உள்ளூர் வழக்கப்படி நடக்கும் பவனிகளுக்கு விலக்கு கொடுக்கிறது. தலைமுறை தலைமுறையாக நடக்கும் மாதா பவனி அந்த விலக்குக்குள் வந்துவிடும். நேற்று வந்த நம்மைப் போன்றவர்கள் படிவம் நிரப்பித்தான் ஆகவேண்டும். பெரிய அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கும் சட்டத்துக்குள்ளும் பழையவர்களுக்கு ஒரு திண்ணை போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

இன்னொரு திண்ணையும் உண்டு. 1905க்கு முன் கட்டிய தேவாலயங்கள் பெரும்பாலும் நகரசபைகளுக்குச் சொந்தம், பெரிய கதீட்ரல்கள் அரசுக்குச் சொந்தம். போப் பத்தாம் பயஸ் புதுச் சட்டம் கேட்ட வழிபாட்டுச் சங்கங்களை அமைக்க மறுத்ததால், 1907, 1908இல் வந்த சட்டங்கள் கட்டடங்களை நகரசபைகளிடம் விட்டு, கத்தோலிக்கர்கள் அவற்றைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று ஆக்கின. பிடிவாதம் பிடித்தவருக்கே லாபம்! கூரை ஒழுகினால் இன்றும் நகரசபைதான் பார்க்கவேண்டும். பின்னால் வந்த பள்ளிவாசலும் கோயிலும் குருத்வாராவும் கிடங்கையோ கடையையோ வாடகைக்கு எடுத்துத் தாங்களே உண்டியல் குலுக்கிக்கொள்ள வேண்டியதுதான். அல்சாஸ், மொசேல் பகுதிகளில் 1905 சட்டமே கிடையாது, ஏனென்றால் அந்த ஆண்டு அவை ஜெர்மனியிடம் இருந்தன. அங்கே பாதிரியாருக்கும் பாஸ்டருக்கும் யூத குருவான ரபிக்கும் இன்றும் அரசுதான் சம்பளம் கொடுக்கிறது, 2013இல் அரசியலமைப்பு மன்றமும் அதில் தவறில்லை என்றுவிட்டது. பிரான்ஸின் மதச்சார்பின்மை பற்றித் தீர்ப்புச் சொல்லும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கும் ஸ்த்ராஸ்பூர்க் நகரம் அந்த அல்சாஸில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

பிரியானும் தையல்காரர்களும்

இவ்வளவையும் படித்த பிறகும் பள்ளி வேறு, தெரு வேறு என்ற என் பழைய பதில் அசையவில்லை. அசைத்தது 1905 ஜூன் 26ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நடந்த ஒரு விவாதம். துரோம் பகுதி உறுப்பினர் சார்ல் ஷபேர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: பாதிரியார்கள் பொது இடத்தில் அங்கி அணிவதைத் தடைசெய்ய வேண்டும். அவருடைய வாதத்தைப் படித்தபோது தேதியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அந்த அங்கி கீழ்ப்படிதலின் அடையாளம், அதற்குள் இருக்கும் மனிதன் சிறைப்பட்டிருக்கிறான், அதைக் கழற்றினால் அவனுக்குத்தான் விடுதலை. பாதிரியார் என்று இருக்கும் இடத்தில் பெண் என்றும், அங்கி என்ற இடத்தில் முக்காடு என்றும் போட்டால் இன்றைய தொலைக்காட்சி விவாதத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஒளிபரப்பலாம்.

சட்டத்தைச் சபைக்குக் கொண்டுவந்த அறிக்கையாளர் அரிஸ்தீத் பிரியான் எழுந்து பதில் சொன்னார். பிரியான் பக்திமான் எல்லாம் இல்லை. தேவாலயத்தையும் அரசையும் பிரித்துவைத்த மனிதரே அவர்தான். எங்கள் குழு உடையைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டது மறதியால் இல்லை, யோசித்துத்தான் விட்டோம் என்றார். சுதந்திரத்துக்காகச் சட்டம் எழுதிக்கொண்டே ஒரு கூட்டத்தாரின் சட்டை எப்படி வெட்டித் தைக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டால் அது சகிப்பின்மை, அதைவிட மோசம், கேலிக்கூத்து என்றார். அரசும் மதமும் பிரிந்த மறுநாளே அரசின் கண்ணுக்கு அங்கி மற்ற உடைகளைப் போல ஒரு உடை. அப்புறம் முத்தாய்ப்பாக ஒன்று சொன்னார்: நீங்கள் அங்கியைத் தடைசெய்தால் பாதிரியார்களும் தையல்காரர்களும் மூளையைக் கூட்டிச் சீக்கிரமே புதிதாக ஒரு உடையைத் தைத்துவிடுவார்கள். அது அங்கியாக இருக்காது, ஆனால் கோட்டில் இருந்து போதுமான அளவு வேறுபட்டிருக்கும், தெருவில் போகிறவர் முதல் பார்வையிலேயே இவர் பாதிரியார் என்று கண்டுபிடித்துவிடுவார். திருத்தம் 391க்கு 184 என்ற கணக்கில் தோற்றது.

தையல்காரர்கள் வந்துவிட்டார்கள், 118 வருடம் கழித்து! 2004இல் அரசுப் பள்ளிகளில் முக்காடு தடைசெய்யப்பட்டது. கொஞ்ச காலத்தில் தலையில் பந்தானா என்ற கட்டுத்துணி வந்தது. பிறகு நீளப் பாவாடை, பிறகு அபாயா. ஒவ்வொன்றும் முக்காடு இல்லை, ஆனால் முக்காடு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பிரியான் சொன்ன விளையாட்டு அதே விதிகளோடு நடந்தது. ஒரே மாற்றம், இந்த முறை அரசு ஆட்டத்தில் இறங்கி ஒவ்வொரு தையலையும் துரத்திக்கொண்டு ஓடியது.

எந்தப் பாவாடை மதம்?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது பொய்யாகிவிடும். 1989இல் கிரெய் நகரத்துக் கொலேஜ் (நடுநிலைப் பள்ளி) ஒன்றில் மூன்று மாணவிகள் முக்காட்டைக் கழற்ற மறுத்து வெளியேற்றப்பட்டபோது, அப்போதைய கல்வி அமைச்சர் லியோனெல் ஜொஸ்பன் கொன்செய் தெத்தாவிடம் கருத்துக் கேட்டார். நவம்பர் 27ஆம் தேதி வந்த கருத்து 1905இன் நேர் வாரிசு: மாணவர் மத அடையாளம் அணிவது மதச்சார்பின்மைக்கு முரண் ஆகாது. பிறரை வற்புறுத்தினாலோ, மதம் பரப்பினாலோ, வகுப்புக்கு இடைஞ்சல் செய்தாலோ மட்டும் தடுக்கலாம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தினமும் வாசலில் நின்று முடிவெடுக்க வேண்டிய தலைமையாசிரியர்களிடம் அந்தச் சுமை முழுவதும் விழுந்தது. 2003இல் பெர்னார் ஸ்தாசி தலைமையில் கூடிய குழு பலரைக் கேட்டது. முக்காடு போடாததற்காக அடுக்குமாடியில் பையன்களிடம் வசவு வாங்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பள்ளி ஒன்றுதான் மூச்சுவிடும் இடம் என்று அந்தக் குழு நம்பியது. அந்தப் பிள்ளைகள் கற்பனை இல்லை. எங்கள் சமூகத்திலும் யார் யாரோடு பேசுகிறாள் என்று கணக்கு வைக்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள், எனக்கு அது புரியும். முதிராத பிள்ளைகள், கட்டாயக் கல்வி, சக மாணவரின் அழுத்தம் என்பதெல்லாம் தெருவில் போகும் பாதிரியார் விஷயத்தில் இல்லாதவை. 2020இல் சாமுயெல் பத்தி என்ற ஆசிரியரை ஒரு மதத் தீவிரவாதி பள்ளிக்கு அருகில் வைத்துக் கொன்றான், 2023இல் அராஸ் நகரத்தில் இன்னொருவன் தொமினிக் பெர்னார் என்ற ஆசிரியரைக் கொன்றான். ஆசிரியர்கள் இந்தப் பேச்சு வந்தாலே முகம் இறுகுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் ஸ்தாசி குழு ஒரு தடையை மட்டும் கேட்கவில்லை. யூதர்களின் யோம் கிப்பூர், முஸ்லிம்களின் ஹஜ்ஜுப் பெருநாள் இரண்டையும் பள்ளி விடுமுறையாக்கச் சொன்னது, வேறு பலவும் சொன்னது. அதில் இருந்து அரசு சட்டமாக எடுத்துக்கொண்டது அடையாளங்களைப் பற்றிய பகுதியை. 2004 பிப்ரவரியில் 494க்கு 36 வாக்குகள். மார்ச் 15ஆம் தேதிச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்கள் தங்கள் மதத்தை எடுப்பாகக் காட்டும் அடையாளங்களையோ உடையையோ அணியக்கூடாது. பல்கலைக்கழகத்துக்கு இது பொருந்தாது. தனியார் பள்ளிக்கும் பொருந்தாது. அரசோடு ஒப்பந்தத்தில் உள்ள கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுதான் சம்பளம் கொடுக்கிறது. முக்காட்டோடு படிக்கவேண்டும் என்று விரும்பும் பெண் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளியில் இடம் தேடும் கூத்தும் இதனால்தான்.

இந்தச் சட்டத்தில் அதிகம் யோசிக்கப்படாமல் மாட்டியவர்கள் சீக்கியப் பையன்கள். எங்கள் ஆட்கள் நிறைய வசிக்கும் புறநகர்ப் பக்கம்தான் பொபினி. அங்கே ஒரு லிசேயில் (உயர்நிலைப் பள்ளி) 2004 இறுதியில் மூன்று சீக்கிய மாணவர்கள் தலைக்கட்டுக்காக வெளியேற்றப்பட்டார்கள். சிறிய தலைக்கட்டுதான், யாரையும் மதம் மாற்ற வந்தவர்களும் இல்லை. இப்படிப்பட்ட சீக்கியர் வழக்குகளை ஸ்த்ராஸ்பூர்க் நீதிமன்றம் 2009இல் விசாரணைக்கே ஏற்கவில்லை. 2012இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, மாணவரை வெளியேற்றியது மதச் சுதந்திர மீறல் என்று சொன்னது. ஒரே சட்டம், ஒரே தலைக்கட்டு, இரண்டு சர்வதேச அமைப்புகள், இரண்டு பதில்கள். பிரான்ஸ் தனக்கு வசதியானதை வைத்துக்கொண்டது.

என் மகள் வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிக்கொண்டு அந்தத் தோழி படிக்கும் அதே கொலேஜுக்குப் போகிறாள். யாரும் எதுவும் சொன்னதில்லை. 2004 மே மாதச் சுற்றறிக்கை முக்காடு, யூதர்களின் தொப்பியான கிப்பா, அளவுக்கு மீறிய பெரிய சிலுவை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மூன்று விரல் சாம்பல் அந்தப் பட்டியலில் இல்லை. சிறிய அடையாளம் பரவாயில்லை என்று சட்டமே சொல்வதால் அதில் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் பட்டை போட்டால் அது சிறிய அடையாளமா? நெற்றி முழுக்க அல்லவா இருக்கிறது? நம்மை விட்டுவைத்திருப்பது பெருந்தன்மையால் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மைப் பார்த்து இங்கே யாருக்கும் பயம் இல்லை, அவ்வளவுதான். அந்த அம்மா சொன்ன கலாச்சாரம் என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான்: யாரும் பயப்படாத மதம்.

அபாயா விஷயத்தில் இது வெட்டவெளிச்சமானது. 2023 ஆகஸ்ட் கடைசியில் புதுக் கல்வி அமைச்சர் கப்ரியேல் அத்தால் தடையை அறிவித்தார். பள்ளி திறந்த அன்று 298 மாணவிகள் அபாயாவோடு வந்தார்கள், 67 பேர் கழற்ற மறுத்து வீட்டுக்குப் போனார்கள் என்று அவரே கணக்குச் சொன்னார். செப்டம்பர் 7ஆம் தேதி கொன்செய் தெத்தா தடையை நிறுத்திவைக்க மறுத்தது. காரணம், இந்த உடையை அணிவது மதத்தை உறுதிப்படுத்தும் போக்கின் பகுதி என்பது மாணவிகளோடு நடந்த உரையாடல்களில் இருந்து தெரிகிறதாம். பந்தானா வழக்கில் 2007லேயே இந்தத் தர்க்கம் வந்துவிட்டது. துணி மதமில்லை, அணிகிறவரின் நடத்தையால் மதமாகிறது. சரி, அப்படியானால் கடையில் ஒரே மாடலில் இரண்டு நீளப் பாவாடைகள் வாங்கி ஒன்றை என் மகளும் இன்னொன்றை அவளுடைய தோழியும் போட்டுக்கொண்டால்? என்னுடையவள் குனிந்துபார்க்காமல் உள்ளே போய்விடுவாள். தோழியை வாசலில் நிறுத்தி, ஏன் இதைப் போட்டாய், வீட்டில் சொன்னார்களா, தினமும் போடுவாயா என்று கேட்பார்கள். உடையைப் பார்க்க முடியாதபோது பெயரையும் முகத்தையும்தான் பார்ப்பார்கள், வேறு வழியே இல்லை.

எனக்கு அடங்காமல் இருந்தது இதுதான் என்று இப்போது தெரிகிறது. எந்த மதத்தையும் எனக்குத் தெரியாது என்று 1905இல் கையெழுத்துப் போட்ட அரசு, இன்று எது மதம், எது ஃபாஷன், எது பாட்டி தைத்துக்கொடுத்த பாவாடை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலைக்குத் தன்னைத்தானே தள்ளிக்கொண்டது. இமாமும் பாதிரியாரும் செய்யவேண்டிய வேலையைக் கண்காணிப்பாளர் செய்கிறார், அதுவும் காலை எட்டு மணிக்கு, இருநூறு பிள்ளைகள் பின்னால் நிற்க. முக்காட்டுத் தடையை, பிள்ளைகள் இன்னும் சிறியவர்கள் என்பதால், ஒரு சமரசமாக நான் ஏற்றுக்கொள்வேன். சந்தோஷமாக இல்லை, ஆனாலும் ஏற்பேன். அங்கே கோடு தெளிவாக இருந்தது, எல்லோருக்கும் தெரிந்த கோடு. அபாயாவில் கோடே இல்லை, சந்தேகம்தான் இருக்கிறது.

அடுத்து அம்மாக்கள்

இது பிள்ளைகளோடு நிற்கவும் இல்லை. 2019 அக்டோபரில் தீஜோனில், பிராந்திய சபைக் கூட்டத்தைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளோடு துணைக்கு வந்த ஒரு தாயின் முக்காட்டைக் கழற்றச் சொல்லி ஒரு தீவிர வலதுசாரி உறுப்பினர் கத்தினார். தாய் அழும் மகனை அணைத்துக்கொண்டிருந்த படம் நாடு முழுவதும் சுற்றியது. சபைத் தலைவர் அந்தத் தாயை வெளியேற்ற மறுத்தார், சட்டத்தில் அப்படி எந்தத் தடையும் இல்லை என்றார். அவர் சொன்னது சரி. கொன்செய் தெத்தா 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுற்றுலாவுக்குத் துணை வரும் பெற்றோர் அரசு ஊழியர் இல்லை, நடுநிலை அவர்களுடைய கடமையும் இல்லை. பள்ளி நல்லபடி நடக்கத் தேவைப்பட்டால் மட்டும் அடையாளத்தைத் தவிர்க்கச் சொல்லலாம். 2019இல் செனட் இதைத் தடையாக்க முயன்றது, இரு அவைக் குழுவில் அது கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் அதே செனட், விளையாட்டுப் போட்டிகளில் மத அடையாளங்களைத் தடைசெய்யும் மசோதாவுக்கு வாக்களித்தது. ஆசிரியரில் தொடங்கியது மாணவருக்கு வந்து, பெற்றோரைத் தொட்டு, பந்து உதைக்கிறவர்வரை போகிறது. நடுநிலை அரசு நமக்குச் செலுத்த வேண்டிய கடன். இப்போது நம்மிடம் வட்டியோடு வசூல் நடக்கிறது.

என் மகன் படிக்கும் ஆரம்பப் பள்ளியில் நான் பெற்றோர் பிரதிநிதி. அருங்காட்சியகச் சுற்றுலாவுக்குப் பெயர் எடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி சுற்றிவளைத்து மேசைக்கு வரும். யாரும் முக்காடு என்ற சொல்லைச் சொல்லமாட்டார்கள், பள்ளியின் சூழல் என்பார்கள், பொருத்தம் என்பார்கள். கடைசிக் கூட்டத்தில் நான் 2013 ஆய்வைச் சொன்னேன், எந்த இடைஞ்சலுக்காகத் தவிர்க்கச் சொல்கிறோம் என்பதை எழுத்தில் தரவேண்டும் என்று கேட்டேன். ஒரு அப்பா, பிரெஞ்சுக்காரர், எனக்கு ஆதரவாகத் தலையாட்டினார். இன்னொருவர், 1905ஐக் காப்பாற்றுவது நம் கடமை என்றார். அந்தச் சட்டத்தில் அம்மாக்களைப் பற்றி எந்தப் பிரிவு இருக்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். கூட்டக் குறிப்பில் இரண்டையும் எழுதிக்கொண்டார்கள், துணைக்கு வருகிறவர்களின் பட்டியலில் அந்த வாரம் யார் பெயரையும் அடிக்கவில்லை.